ஒரு நாளில் ஐந்து ஊர்

செப்டம்பர் 3, புதன்

இன்று கத்தரிக்காய் வறுத்தேன். எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டது.

மகன் அகிலெயாஸ் மாடியிலிருந்து இறங்கி வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, கப்பல் டிக்கெட்டு ரெண்டு வீணாப் போகுது. நீ போறியா?" என்றான். அவனும் அவன் மனைவி அசிமீனாவும் பத்தாவது கல்யாண நாளுக்காகப் போவதாக இருந்த பயணம். திடீரென்று வேலை வந்துவிட்டதாம். இருவருக்கும் ஒரே வாரத்தில். அவன் நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் இருக்கிறான், சரி, குழாய் எப்போது வேண்டுமானாலும் உடையலாம். மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். யாருக்கும் அவசரமாகக் கண்ணாடி தேவைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"யார்கூட?" என்றேன்.

"ஸ்டெர்யோஸ் மாமாகூட."

நான் கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

செப்டம்பர் 5

ஸ்டெர்யோஸ் அசிமீனாவின் அப்பா. எங்கள் ஊர் லாரிசாவுக்கும் ஏதென்ஸுக்கும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் மனைவி, பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். என் கணவர் அப்போஸ்தோலிஸ் போய் ஆறு வருஷம். தனியாக இருக்கும் இரண்டு பேரும் பேச்சுத்துணைக்கு ஆகும் என்று பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள் போல.

அவர் வாயில் இருக்கும் பல்செட்டு நான் செய்தது. முப்பது வருஷம் லாரிசாவின் பாதி வாய்க்கு நான்தான் பல் செய்தேன். யாரும் குறை சொன்னதில்லை. இவர் மட்டும் கல்யாண விருந்தில், எல்லார் முன்னாலும், கையில் கண்ணாடிக் கோப்பையோடு எழுந்து நின்று, "சம்பந்தியம்மா செஞ்ச பல்லு, கொஞ்சம் கடிக்குது" என்றார். சிரித்தார்கள். பத்து வருஷமாக அதே பல்லோடுதான் ஆட்டுக்கறி தின்கிறார். பத்து வருஷமாக நான் அவரிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

கப்பலில் அறை தனித்தனி. நான் கேட்கவில்லை. அவர்தான் கேட்டாராம். இரண்டு தடவை.

செப்டம்பர் 13, சனி

பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். என் அறையில் ஒரு திரை தொங்குகிறது. விலக்கிப் பார்த்தேன். சுவர்.

செப்டம்பர் 14

காலையில் ஸ்டெர்யோஸ் வரைபடம் ஒன்றை ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். வியாழக்கிழமை கப்பல் இத்தாலியில் லா ஸ்பெட்சியாவில் நிற்கிறது. அங்கிருந்து கடலோரமாக ஐந்து ஊர்கள், பாறையில் ஒட்டிக்கொண்டு, ஒன்றுக்கு அடுத்து ஒன்று. கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் இரண்டுதான் காட்டுகிறார்கள். இவருக்கு ஐந்தும் வேண்டும்.

"முதல்ல கடைசி ஊருக்குப் போயிடறோம். அங்கேருந்து ஒவ்வொண்ணா இறங்கிப் பாத்துக்கிட்டே டிப்போவுக்குத் திரும்பறோம்."

டிப்போ என்றது கப்பலை.

"எனக்கு ஒரு ஊர் போதும். ஒரு நாற்காலி, ஒரு காப்பி."

"அஞ்சு இருக்கிற இடத்துல ஒண்ணைப் பாத்துட்டு வந்தா ஊர்ல கேப்பாங்க, சம்பந்தியம்மா."

"யாரு கேப்பா?"

யோசித்தார். "கேக்க ஆள் இருக்கு" என்றார்.

பிறகு வரைபடத்தை மடித்தார். மடிப்பு சரியாக விழவில்லை. மறுபடி விரித்து மறுபடி மடித்தார்.

செப்டம்பர் 15

மால்டா. வெயில். இங்கேயும் அவரிடம் திட்டம் இருந்தது. மூன்று தேவாலயம், ஒரு கோட்டை, ஒரு மீன் சந்தை. உட்காரவே விடவில்லை. கால் வீங்கிவிட்டது. மனுஷன் எதற்கு இப்படி ஓடுகிறார்?

செப்டம்பர் 16, செவ்வாய்

நேப்பிள்ஸ். அகிலெயாஸ் போனில் கூப்பிட்டான்.

"அம்மா, உக்காந்திருக்கியா?"

கப்பல் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வரிசை. "உக்காந்திருக்கேன், சொல்லு" என்றேன்.

"நானும் அசிமீனாவும் பிரியறோம்."

"சண்டையா?"

"இல்லம்மா. சண்டையெல்லாம் இல்ல."

"வேற யாராவது...?"

"யாரும் இல்ல. ரெண்டு பக்கமும் இல்ல."

சண்டை என்றால் சமாதானம் பேசலாம். யாராவது இருந்தால் திட்டலாம். ஒன்றும் இல்லை என்றால் என்ன செய்வது?

சனிக்கிழமை அவள் தன் சாமான்களை ஏற்றிக்கொண்டு வோலோஸுக்குப் போகிறாளாம். அங்கே கடைக்கு இடம் பார்த்துவிட்டாள். நான் திரும்பி வந்து காலி அறையைப் பார்த்து அதிரக் கூடாதே என்றுதான் இப்போதே சொல்கிறானாம். கடைசியில், "மாமாகிட்ட மூச்சு விடாதே. அவர் தாங்க மாட்டார். அவளே பக்குவமா சொல்லணும்னு இருக்கா" என்றான்.

ஆக, எங்களைக் கடலில் ஏற்றி அனுப்பிவிட்டு அங்கே வீட்டைப் பிரிக்கிறார்கள். என்னமா யோசிச்சிருக்குங்க ரெண்டும்! கல்யாண நாள் டிக்கெட்டாம் — வீணாப் போகுதாம் —

குழந்தை இல்லை அவர்களுக்கு. இருந்திருந்தால் அந்தப் பிடிப்பாவது இருக்கும். சனிக்கிழமைக்குப் பிறகு ஸ்டெர்யோஸ் எனக்கு யார்? யாரும் இல்லை. பத்து வருஷமாக அந்த மனுஷனைப் பார்த்தாலே எரிச்சல். இனி எரிச்சல் படக்கூட எனக்கு உறவு கிடையாது.

கீழே துறைமுகத்தில் அவர் எனக்காக நின்றிருந்தார், கையில் நேப்பிள்ஸ் வரைபடத்தோடு. "வாங்க, பாதாள அறை ஒண்ணு இருக்கு" என்றார். போனேன்.

செப்டம்பர் 17

வியாழக்கிழமைத் திட்டத்தை முழுதும் விளக்கினார். எந்த ஊரில் எவ்வளவு நேரம், எங்கே கழிப்பறை, எங்கே சாப்பாடு. மூன்றாவது ஊர் மலை உச்சியில் இருக்கிறது, நூற்றுக்கணக்கில் படி. "ஏறிடலாமா?" என்றார். "ஏறிடலாம்" என்றேன். "சாப்பாட்டை ரயில்லயே முடிச்சுக்கலாமா?" "முடிச்சுக்கலாம்."

நிமிர்ந்து பார்த்தார். "என்ன சம்பந்தியம்மா, எதுக்குமே மறுப்புச் சொல்லலை? உடம்பு சரியில்லையா?"

"காத்து ஒத்துக்கலை."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் பல்லைப் பார்த்தேன். கீழ் வரிசை இடது பக்கம் லேசாகத் தூக்கியிருக்கிறது. கடிக்கத்தான் செய்யும். வந்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் ராவிக் கொடுத்திருப்பேன். அவரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

எழுந்திருக்கும்போது, "நாளைக்குப் போனை அறையிலேயே வெச்சிட்டு வந்துடுங்க. அந்த ஊர் கூட்டத்துல பிடுங்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். தலையாட்டினேன். பையின் அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 18

கப்பலை விட்டுவிட்டோம்.

செப்டம்பர் 19, வெள்ளி. காலை, வெர்னாட்சா

ஒழுங்காக எழுதுகிறேன்.

நேற்று ரயில் பிடித்துக் கடைசி ஊரான மான்டெரோஸோவுக்குப் போனோம். திட்டப்படி. ரயிலில் ஊர் எதுவும் தெரியவில்லை. சுரங்கம், கொஞ்சம் கடல், மறுபடி சுரங்கம். மான்டெரோஸோவில் கடலைப் பார்த்து நின்றோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பினோம். அடுத்து வெர்னாட்சா. ஒரே தெரு, அது நேராகக் கடலில் போய் முடிகிறது. முனையில் சின்னத் துறை, பாறை போட்டுக் கட்டிய அலைதடுப்பு. வறுத்த நெத்திலி ஒரு பொட்டலம் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு, ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். ரயில் இல்லை. வேலைநிறுத்தம். காலையிலிருந்தே அறிவிப்பு ஒட்டியிருந்தார்களாம், நாங்கள் அதற்குக் கீழேயேதான் நின்றிருந்தோம்.

ஸ்டெர்யோஸ் சீருடைக்காரரிடம் கிரேக்கத்தில் சத்தம் போட்டார். அவர் இத்தாலியனில் சத்தம் போட்டார். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

படகுத் துறைக்கு ஓடினோம். அலை அதிகம், படகு நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு மேலே சாலை வரைக்கும் ஏறினோம். அங்கே இருந்த ஒரே டாக்சியில் ஜெர்மன்காரர்கள் நாலு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதாக ஒருத்தி மடியில் உட்கார இடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வண்டி எப்போது வரும் என்று கேட்டதற்கு டாக்சிக்காரர் வானத்தைக் காட்டினார்.

வேறு வழியில்லாமல் பையின் அடியிலிருந்து போனை எடுத்தேன். ஸ்டெர்யோஸ் அதைப் பார்த்த பார்வை! பாம்பைப் பார்ப்பதுபோல. கப்பல் அட்டையில் இருந்த எண்ணுக்கு அடித்து அவரிடம் கொடுத்தேன். பேசியது ஒரு கிரேக்கப் பெண்தான். நேரத்துக்கு வராவிட்டால் கப்பல் போய்விடும், நாளை அடுத்த துறைமுகமான மார்செய்க்கு வந்து ஏறிக்கொள்ளுங்கள் என்றாளாம். பிறகு ஏதோ கேட்டாள். ஸ்டெர்யோஸ் பதறிப்போய், "வேண்டாம்மா, வீட்டுக்கெல்லாம் தகவல் சொல்லாதே! அவங்களே சாமான் கட்டிக்கிட்டிருப்பாங்க" என்றார்.

போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என்ன சாமான்?" என்றேன்.

இருவரும் கீழே நடந்தோம். தெரு முடிகிற வரைக்கும் நடந்து, அலைதடுப்புக் கல்லில் போய் உட்கார்ந்தோம். இந்தப் பயணத்தில் அவர் தானாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"ஆகஸ்டு, மாதா பண்டிகை அன்னிக்கே சொல்லிட்டா. உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"அத்தைகிட்ட சொல்லாதீங்கப்பா, அவங்க தாங்க மாட்டாங்கன்னு அழுதா."

"உங்களைப் பத்தி எங்கிட்டயும் அதையேதான் சொன்னான்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருவரும் அந்தக் கல்லில் உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருந்தோம்.

"அதுக்குத்தான் அஞ்சு ஊரா?" என்றேன்.

"ஓடிக்கிட்டே இருந்தா போன் எடுக்க மாட்டீங்க. ராத்திரி அசந்து தூங்கிடுவீங்க. சனிக்கிழமை வரைக்கும் இப்படியே ஓட்டிடலாம்னு பார்த்தேன்." கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் அதே. ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் தோணாது."

மூன்று தேவாலயம், ஒரு கோட்டை, ஒரு மீன் சந்தை. எனக்காக. என் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

பிறகு அழுதேன். அவர் நெத்திலி மடித்திருந்த காகிதத்தைக் கொடுத்தார். எண்ணெய்க் காகிதம். அவரிடம் அதுதான் இருந்தது.

சாயங்காலம் எங்கள் கப்பல் அந்த வழியாகவே போனது. தூரத்தில், எல்லா விளக்கும் போட்டுக்கொண்டு. என் பெட்டி அதில், அவருடைய ரத்த அழுத்த மாத்திரை அதில், சுவரை மூடும் அந்தத் திரை அதில்.

ஸ்டெர்யோஸ் அது மறைகிற வரை பார்த்தார். "கையைக் காட்டிக்கிட்டு ஓடி வர்றவங்களை பஸ் கண்ணாடில பாத்துக்கிட்டே போயிருக்கேன், சம்பந்தியம்மா. எத்தனையோ பேரை. அவங்க இப்படித்தான் நின்னிருப்பாங்க போல" என்றார்.

ரொட்டிக் கடை மாடியில் தங்க இடம் கிடைத்தது. கடைக்காரம்மா ஒரு விரலைக் காட்டினாள், பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் இரண்டு விரலைக் காட்டினோம். மருந்துக் கடையில் மாத்திரையும் கிடைத்தது.

இன்று காலை ரயில் ஓடுகிறது. மார்செய் வேண்டாம் என்று முடிவு. ரோம் போய் விமானம் பிடித்தால் சனிக்கிழமை காலை லாரிசாவில் இருக்கலாம். "போய் நிறுத்தணும்" என்றார். "நிறுத்தணும்" என்றேன். நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம்.

செப்டம்பர் 20, சனி. லாரிசா

விமானத்தில் அவர் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தார். அப்பா இல்லாமல் வளர்ந்தது, அம்மா இல்லாமல் வளர்ந்தது, தேவாலயத்தில் கொடுத்த வாக்கு, பத்து வருஷம், எல்லாம் இருந்தது. அகிலெயாஸ் அப்பாவோடுதான் வளர்ந்தான் என்று திருத்தினேன். அதை எடுத்துவிட்டார். நல்ல பேச்சு. எனக்கே கண் கலங்கியது. ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் வந்தோம். வழி நெடுகிலும் டிரைவரின் பிரேக்கைப் பற்றி முணுமுணுத்தார்.

எங்கள் தெருவில் திரும்பும்போதே வண்டி நிற்பது தெரிந்தது. வாடகை லாரி, குறுக்காக நிறுத்தி, பாதி தெருவை அடைத்துக்கொண்டு. அசிமீனா வாசற்படியில், கையில் விளக்குக் கூண்டு. அகிலெயாஸ் பின்னால், இழுப்பறைகள் எடுத்த மேசையைத் தனியாகத் தூக்கப் பார்த்துக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றார்கள். நாங்கள் பெட்டி இல்லாமல், மூன்று நாள் துவைக்காத துணியோடு, அவர்கள் முன்னால்.

"அம்மா? கப்பல்...?"

"போயிடுச்சு" என்றேன்.

ஸ்டெர்யோஸ் ஒரு அடி முன்னால் வைத்தார். தொண்டையைச் செருமினார். நான் காத்திருந்தேன். அசிமீனா, "அப்பா, ப்ளீஸ்" என்றாள், அவ்வளவுதான். அவள் எவ்வளவு மெலிந்திருக்கிறாள்! மாடியில் இருந்தவள், தினமும் பார்த்தவள், எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அகிலெயாஸ் மேசையை இறக்கவே இல்லை, பிடித்தபடியே நின்றான். அவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவன் "மெதுவா, உன் முதுகு" என்றான். அவள் "பிடிச்சிருக்கேன்" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. இதில் நிறுத்த ஒன்றும் இல்லை. இவர்கள் கோபத்தில் பிரியவில்லை. சேர்ந்துதான் பிரிகிறார்கள்.

ஸ்டெர்யோஸுக்கும் புரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார். லாரியைப் பார்த்தார்.

"இப்படியாடா வண்டிய நிறுத்தறது?" என்றார். "எவன்டா டிரைவர்? ஏறு, பின்னாடி எடு. ஒடி... ஒடி... நேரா விடு."

தெரு நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டி, லாரியை வாசல் வரைக்கும் பின்னால் கொண்டுவந்து சேர்த்தார். தூண் இடிக்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். மேசை வெளியே போனது, நாற்காலிகள் போயின, என் கல்யாணத்துக்குப் பரிசாக வந்து, பிறகு நான் அவளுக்குக் கொடுத்த கம்பளமும் போனது. அவள் அதைத் திருப்பி வைக்கப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போ. வோலோஸ்ல தரை ஈரம்" என்றேன்.

கிளம்பும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அத்தை" என்றாள்.

லாரி திருப்பத்தில் மறைந்ததும் ஸ்டெர்யோஸ் கைகளை இறக்கினார். "நான் பேசலை, பாத்தீங்களா" என்றார்.

"பாத்தேன்."

"நல்லாத்தான் தயார் பண்ணியிருந்தேன்."

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். உள்ளே வரச் சொன்னேன். மூன்று முட்டை இருந்தது. மூன்று பேர் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 28

மாடியில் சத்தமே இல்லை. செருப்புச் சத்தம் மட்டும். ஒரு ஜோடி.

அக்டோபர் 11

ஸ்டெர்யோஸ் வருவதில்லை. வர வேண்டிய காரணமும் இல்லை. அவர் தெரு வழியாக மூன்று தடவை ரொட்டிக் கடைக்குப் போனேன். எங்கள் தெருவிலேயே ரொட்டிக் கடை இருக்கிறது.

அக்டோபர் 26

இன்று காலை வந்தார். வாசலில் நின்று, "சம்பந்தி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பாவமாக இருந்தது.

"எவந்தியான்னே கூப்பிடுங்க. அதுதான் பேரு."

"எவந்தியா, கீழ் வரிசை கடிக்குது."

"தெரியும். உக்காருங்க."

பழைய கருவிகளை எடுத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாயை மூடி, திறந்து, மறுபடி மூடிப் பார்த்தார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பல் சரியாக இல்லையோ என்று நினைத்தேன். அது இல்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

அசிமீனா வந்தாள். அப்பாவைப் பார்க்க வந்தவள், அவரோடு இங்கேயும் வந்தாள். வாசலில், "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். பத்து வருஷம் சாவி வைத்திருந்தவள். சுருக்கென்றது. "கீரை வெச்சுச் சுட்ட ரொட்டி சூடா இருக்கு, வா" என்றேன்.

விவாகரத்துத் தீர்ப்பு போன மாதம் வந்துவிட்டது. அகிலெயாஸ் இறங்கி வந்தான். கடை எப்படி என்று கேட்டான். வோலோஸில் எல்லாருக்கும் தூரப் பார்வை என்றாள். சிரித்தார்கள். எதுவும் திரும்பச் சேரவில்லை, சேரப் போவதும் இல்லை. நான் அதற்காக மெழுகுவத்தி ஏற்றுவதையும் நிறுத்திவிட்டேன். நாலு பேரும் சாப்பிட்டோம். அவள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்ப, அவன் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

ஸ்டெர்யோஸ் போகவில்லை. தட்டுகளைத் துடைத்தார். எந்த அலமாரி என்று கேட்காமலே அடுக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் விரித்தார். வரைபடம். நெடுக மடிப்பு, ஏழெட்டுத் தீவு.

"ஜூன்ல போகலாமாம். கூட்டம் இருக்காது."

"ஒரு தீவு" என்றேன்.

"ரெண்டு?"

"ஒண்ணு. உக்காரணும்."

பேனாவை எடுத்தார். ரொம்ப நேரம் யோசித்து, எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒன்றை மட்டும் வட்டமிட்டார். அறை எத்தனை கேட்பது என்று என்னிடம் கேட்டார். "முதல்ல உக்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.